பூக்கள் தட்டையாக இருந்தன, இணைப்பு மட்டும் எழும்பியது: மெஷினில் தைத்த ஓர் அறுகோணக் குவில்ட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தக் குவில்ட்டை (துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த மேல்விரிப்பு, பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்குள்ள போர்வை) தொடங்கியவர் ஐம்பதுகளில் இருக்கும் ஒரு பெண். பல வருடங்கள் உடை தைத்துப் பழகிய கை அவருடையது. மெஷினில் அவருக்குப் பயம் கிடையாது. குவில்ட் மட்டும் புதிது. கூடவே இருந்து உதவியது அவருடைய அக்கா மகள். இந்த ஆய்வில் முதலாமவரைச் சித்தி என்றும் அடுத்தவரை மகள் என்றும் குறிப்பிடுகிறேன்.

எடுத்துக்கொண்ட வடிவம் பழையது. நடுவில் ஓர் அறுகோணம், அதைச் சுற்றி ஆறு இதழ்கள், மொத்தம் 7 துண்டுகள் சேர்ந்தால் ஒரு பூ. பூக்களுக்கு இடையே வெள்ளை அறுகோணங்களால் ஆன பாதை. ‘கிராண்ட்மதர்ஸ் ஃபிளவர் கார்டன்’ என்ற பெயரில் 1930-களில் அமெரிக்க வீடுகளில் பரவலாகத் தைக்கப்பட்டது இதுதான். அன்று பெரும்பாலும் கையால்தான் தைத்தார்கள். காரணம் எளிது. சதுரங்களை வரிசையாகத் தைத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேர்கோட்டில் ஓட்டிவிடலாம். அறுகோணத்தில் அப்படி ஒரு நேர்கோடே இல்லை. ஒவ்வொரு மூலையிலும் மூன்று துண்டுகள் 120 டிகிரியில் சந்திக்கின்றன, ஒவ்வொரு பக்கமும் அடுத்த மூலையில் திரும்பிவிடுகிறது. மெஷின் நேராக ஓடத்தான் விரும்பும்.

துண்டின் அளவு: தைத்து முடித்த பிறகு ஒரு பக்கம் 2 அங்குலம். அப்படியானால் எதிரெதிர் பக்கங்களுக்கு இடையே 3.46 அங்குலம். சுற்றிலும் தையலுக்குக் கால் அங்குலம் விட்டு வெட்டும்போது அது 3.96 ஆகும். சித்தி தடித்த பிளாஸ்டிக்கில் அளவு அட்டை செய்து, சக்கரக் கத்தியான ரோட்டரி கட்டரால் வெட்டியிருந்தார். வெட்டியதில் குறை எதுவும் இல்லை. 32 பூக்களை முடித்துவிட்டுத்தான் பாதையைத் தொட்டார்.

முதல் இணைப்பில் தெரிந்தது

பூக்கள் ஒவ்வொன்றும் மேஜைமேல் படிந்து கிடந்தன. மையத்தில் சுருக்கம் இல்லை. முன்பக்கம் பார்த்தால் யாரும் நன்றாகத் தைத்திருக்கிறார் என்றுதான் சொல்வார்கள்.

இரண்டு இதழ்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் முதல் வெள்ளைத் துண்டை வைத்துத் தைத்தபோது பிரச்சினை தொடங்கியது. பள்ளத்தின் அடியில் ஒரு கொசுவம் விழுந்தது. துண்டின் நடுப்பகுதி குமிழ் போல எழும்பியது. பிரித்து மறுபடி தைத்தார், அதே இடத்தில் அதே கொசுவம். வெள்ளைத் துண்டு சின்னதாகிவிட்டது என்று நினைத்து, கொஞ்சம் பெரிதாக வெட்டித் தைத்துப் பார்த்தார். குமிழ் இன்னும் பெரிதானது. ஆவி அயர்ன் வைத்து அழுத்தியதில் குமிழ் ஓரளவு அடங்கியது, ஆனால் துண்டின் வெளி விளிம்பு இழுபட்டு அலையாகிவிட்டது.

அலை ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நீளப் பட்டியிலிருந்து வெட்டிய அறுகோணத்தில் இரண்டு பக்கங்கள்தான் இழை நேரில் இருக்கும். மீதி நான்கும் இழைக்குச் சாய்வாக, ஏறக்குறைய கிராஸில் வெட்டிய துணி மாதிரி இருக்கும். சூடும் ஈரமும் கொடுத்து அயர்னைத் தள்ளினால் அவை நீளும், திரும்பி வராது.

இந்த நிலையில்தான் இருவரும் பூக்களோடு என்னிடம் வந்தார்கள். ஒரு பூவும் அதில் பாதி ஒட்டிய நான்கு வெள்ளைத் துண்டுகளும் முன்னால் இருந்தன. “பூவெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சேர்க்கப் போனாத்தான் மல்லுக்கு நிக்குது” என்றார் சித்தி.

பின்பக்கத்தைப் பார்த்தபோது

பூவைத் திருப்பிப் போட்டதும் காரணம் தெரிந்தது. இதழையும் இதழையும் சேர்க்கும் தையல் ஒவ்வொன்றும் மையத்தில் தொடங்கி, துணியின் வெளி விளிம்பு வரை ஓடியிருந்தது. விளிம்பில் ரிவர்ஸ் வேறு போட்டுப் பூட்டியிருந்தது. உடை தைப்பவருக்கு இது இயல்பான பழக்கம். தோள் தையலோ பக்கத் தையலோ, விளிம்புவரை போகாமல் நடுவில் நிறுத்தினால் பிரிந்துவிடும் என்பதுதான் அந்தக் கை கற்றது.

அறுகோணத்தில் தையல் நிற்க வேண்டிய இடம் வேறு. இரண்டு பக்கங்களிலிருந்தும் கால் அங்குலம் உள்ளே தள்ளிக் கோடு போட்டால், இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளி ஒன்று கிடைக்கும். தைத்து முடித்த துண்டின் உண்மையான மூலை அதுதான். தையல் அங்கே தொடங்கி, அடுத்த மூலைப் புள்ளியில் நிற்க வேண்டும். அதைத் தாண்டி வெளியே இருப்பது தையலுக்கு விட்ட துணி. அந்தத் துணி கட்டில்லாமல் இருந்தால்தான் அடுத்த துண்டை உள்ளே வைக்கும்போது இரண்டு பக்கமும் விலகி இடம் கொடுக்கும்.

மையத்தில் சித்தி இதைச் சரியாகத்தான் செய்திருந்தார். முதல் சில பூக்களில் நடு அறுகோணத்தின் மூலைகளில் சுருக்கம் விழுந்ததைப் பார்த்து, மூலைக்கு முன்பே நிறுத்த வேண்டும் என்று தானே கண்டுபிடித்து, கண்ணளவில் நிறுத்திப் பழகியிருக்கிறார். வெளி முனையில் அந்தத் தேவை அப்போது கண்ணுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அங்கே அடுத்த துண்டு இன்னும் வரவில்லை. பூவாக இருக்கும்வரை இந்தக் குறை எந்த வகையிலும் வெளிப்படாது. அதனால்தான் 32 பூக்கள் முடியும்வரை யாருக்கும் தெரியவில்லை.

சோதித்துப் பார்க்க ஒரே ஒரு பள்ளத்தில், புள்ளியிலிருந்து விளிம்புவரை உள்ள தையலை மட்டும் சீம் ரிப்பரால் எடுத்தோம். அந்தத் தூரம் ஏறக்குறைய 7 மி.மீ. வழக்கமான 2.5 மி.மீ. தையல் நீளத்தில் மூன்று தையல்கள், அப்புறம் அதன் மேல் போட்ட ரிவர்ஸ். எடுத்ததும் பள்ளம் இரு பக்கமும் விலகித் திறந்துகொண்டது. முதலில் சரியான அளவில் வெட்டிய வெள்ளைத் துண்டையே வைத்துத் தைத்தோம். கொசுவம் இல்லை, குமிழ் இல்லை.

பிறகு பூக்களை அளந்தோம். மூன்று துண்டுகள் ஒரே கோட்டில் வரும் திசையில், வெட்டிய விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை 10 7/8 அங்குலத்துக்கு ஒரு மயிரிழை கூடுதலாக வர வேண்டும். பெரும்பாலானவை 10 3/4 இருந்தன. மூன்று மட்டும் 10 5/8. அந்தக் கோட்டில் இரண்டு தையல்கள் வருகின்றன. 1/8 அங்குலம் குறைகிறது என்றால், ஒவ்வொரு தையலும் சேரும் இரண்டு துணியிலும் 1/32 அங்குலம் கூடுதலாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். மெஷினோடு வந்த சாதாரண ஃபுட்டின் (ஊசிக்கு அடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) ஓரத்தையே கால் அங்குலமாக எடுத்துக்கொண்டதன் விளைவு இது. அந்த ஓரம் பல மெஷின்களில் கால் அங்குலத்துக்கு மேல்தான் இருக்கும். ஒரு துண்டில் அளந்து பார்த்துவிட்டுத் தொடங்கினால் போதும், யாரும் செய்வதில்லை.

பிரிப்பதா, வேறு வழியா

மூன்று வழிகள் பேசப்பட்டன.

மகள் சொன்னது: பூக்களின் வெளி விளிம்பை உள்ளே மடித்து, முழு வெள்ளைத் துணியின் மேல் வைத்து ஓரத்தில் தைத்துவிடலாம். பாதைத் துண்டே வேண்டாம், பள்ளம் பற்றிய கவலையும் வேண்டாம். நல்ல யோசனைதான். வேகமாக முடிக்க வேண்டியவர்களுக்கு நான் இதையே சொல்வேன். ஆனால் ஒரு பூவுக்கு வெளிப்பக்கம் 18 விளிம்புகள். 32 பூக்களுக்கு 576 மடிப்புகள், அதில் உள்மூலை ஒவ்வொன்றிலும் கத்தரி வெட்டு வேறு. பூவின் அடியில் இரட்டைத் துணி தங்கும், பின்னால் அதை வெட்டி எடுத்தால் தவிர. தைக்கும் குவில்ட் தினமும் போர்த்திக்கொள்ளத்தான் என்பதால் சித்தி அந்தக் கனத்தை விரும்பவில்லை.

இரண்டாவது, எல்லாப் பூவையும் முழுவதும் பிரித்து, காகித அச்சு வைத்துக் கையால் சேர்ப்பது. கிராஸ் விளிம்புகள் ஒருமுறை தைத்து, அழுத்தி, பிரிபட்டிருக்கும் துணியில் அது வீண் வேலை என்று நினைத்தேன். விளிம்பு ஏற்கெனவே தளர்ந்திருந்தது.

மூன்றாவது, வெளி முனைகளை மட்டும் திறப்பது. ஒரு பூவுக்கு 6, மொத்தம் 192 இடங்கள்.

“நூத்தித் தொண்ணூத்திரண்டா? அத்தனையையும் எங்கடி உக்காந்து பிரிக்கிறது?”

“ஒரு இடத்துக்கு மூணு தையல்தான் சித்தி. பூவைப் பிரிக்கலை, வாயை மட்டும்தான் திறக்குறோம்.”

மூன்றாவது வழியையே எடுத்தோம். பூ அப்படியே இருக்கும், கிராஸ் விளிம்பை மறுபடி இழுக்க வேண்டியதில்லை, குறை இருக்கும் இடத்தில் மட்டும் கை படும். 10 5/8 இருந்த மூன்று பூக்கள் மட்டும் இதழ்வரை பிரித்துத் திரும்பத் தைக்கப்பட்டன. 10 3/4 இருந்தவற்றை விட்டுவிட்டோம். அவற்றில் ஓர் இதழின் வெளிப்பக்கத்தில் வரும் குறைவு 1 மி.மீ.க்கும் கீழே. அந்த அளவை மூலைக்கு மூலை குண்டூசி குத்தி, இடையில் துணியைச் சமாளித்துத் தைத்துவிடலாம். ஆனால் ஒரே அளவுள்ள பூக்கள் ஒரே வரிசையில் வர வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டோம். நிறத்துக்காக இடம் மாற்றுவதெல்லாம் அந்த வரிசைக்குள்ளேதான். மகளுக்கு இதில் வருத்தம் இருந்தது. அவர் மனதில் வைத்திருந்த நிற ஓட்டம் இரண்டு இடங்களில் உடைந்தது.

திறந்த முனையைப் பூட்டுவது பற்றிய முடிவு சற்றுத் தாமதமாக வந்தது. முதல் நாலைந்து பூக்களில் தையலை எடுத்ததோடு விட்டுவிட்டார்கள். இழை நுனி தொங்குவதைப் பார்த்த பிறகுதான், புள்ளியிலிருந்து உள்நோக்கி 1.5 மி.மீ. தையலில் சில குத்துகள் முன்னும் பின்னும் ஓட்டிப் பூட்டுவது என்று வைத்துக்கொண்டோம். முன்பு திறந்தவற்றுக்குத் திரும்பிப் போகவில்லை. இது பின்னால் வெளிப்பட்டது.

புள்ளி

வெள்ளைத் துண்டுகளை வெட்டும் முன்பு அளவு அட்டையின் ஆறு மூலைகளிலும், மூலைப் புள்ளி விழும் இடத்தில் சின்னத் துளை போட்டோம். வெட்டியதும் துணியின் பின்பக்கத்தில் துளை வழியே பென்சிலால் ஆறு புள்ளிகள். பூக்களிலும் ஒவ்வொரு இதழின் வெளி மூலைகளுக்கும் அதே புள்ளி. இதற்கு நேரம் எடுக்கும். சித்தி, “கண்ணாலேயே நிறுத்திக்குவேன்” என்றுதான் முதலில் சொன்னார். உண்மையில் அவர் கண் நல்ல கண்தான். ஆனால் நூற்றுக்கணக்கான மூலைகளில் கண் தளரும், பென்சில் புள்ளி தளராது. புள்ளிக்கு ஒரு தையல் முன்னால் நின்றால் மூலையில் ஓட்டை விழும், ஒரு தையல் தாண்டினால் சுருக்கம் விழும். அறுகோணக் குவில்ட் தட்டையாகப் படிவதும் படியாமல் போவதும் பக்கத்தில் அல்ல, மூலையில்தான் முடிவாகிறது என்பது என் உறுதியான எண்ணம். பக்கத்தில் அரை மி.மீ. வளைந்தால் யாருக்கும் தெரியாது.

மெஷினில் செய்த மாற்றங்கள் இவை: தையல் நீளம் 2 மி.மீ.க்குக் குறைக்கப்பட்டது. நீளம் குறையும்போது புள்ளியில் துல்லியமாக நிற்பது எளிது. ஃபுட்டை மாற்றி, முன்பக்கம் திறந்திருக்கும் வகையைப் போட்டார்கள், ஊசி எங்கே இறங்குகிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. கால் அங்குலக் கோட்டை மெஷின் தட்டில் நாடா ஒட்டிக் குறித்துக்கொண்டார்கள். புள்ளியில் ஊசியை இறக்குவது எப்போதும் கைச்சக்கரத்தால்தான். துணிகளுக்கு வெட்டும் முன்பே ஸ்டார்ச் போட்டு விறைப்பாக்கினார்கள். தைத்த பிறகு அயர்னை வைத்து எடுப்பது மட்டும், தள்ளக் கூடாது.

பாதையைப் பங்கிட்டது

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பூ வடிவத்தை மெஷினில் முடிக்க முடியாமல் பெட்டியில் போட்டு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நின்றிருப்பார்கள்.

சித்தியின் திட்டம், ஒவ்வொரு பூவைச் சுற்றியும் 12 வெள்ளைத் துண்டுகளைத் தைத்து வட்டத்தை மூடுவது. அப்படி மூடினால் இரண்டு பூக்களுக்கு நடுவே பாதை இரட்டையாகிவிடும். பாதை ஒற்றையாக இருக்க வேண்டுமென்றால் வெள்ளைத் துண்டுகள் பொதுவானவை. சுற்றியுள்ள 12-ல் ஆறு இதழ்களுக்கு நடுவே பள்ளத்தில் உட்காரும், ஆறு இதழின் நுனியைத் தொட்டு நிற்கும். பள்ளத்தில் இருப்பது இரண்டு பூக்களுக்குப் பொது. நுனியில் நிற்பது மூன்று பூக்களுக்குப் பொது. ஆக ஒரு பூவின் பங்கு 3 பள்ளத் துண்டு, 2 நுனித் துண்டு. மொத்தம் 5.

இதைத் தெரிந்துகொண்டால் தையல் வரிசை தானாகவே அமைகிறது. நுனி, பள்ளம், நுனி என்று மூன்று வெள்ளைத் துண்டுகளைச் செங்குத்தாகச் சேர்த்து ஒரு பட்டை. அதைப் பூவின் வலப்பக்கத்தில் தைக்கிறோம். நான்கு சிறிய தையல்கள், இடையே மூன்று திருப்பங்கள். அப்புறம் பூவின் கீழ்ப்பக்கத்து இரண்டு பள்ளங்களில் ஒவ்வொரு வெள்ளைத் துண்டு. இப்போது 12 துண்டுகள் கொண்ட ஒரு பிளாக் தயார். எல்லாப் பிளாக்கும் ஒரே வடிவம். பக்கவாட்டில் சேர்த்தால் வரிசை, வரிசைகளைச் சேர்த்தால் விரிப்பு.

2 அங்குலப் பக்கத்துக்கு இந்த அமைப்பில் ஒரு பூவின் மையத்திலிருந்து பக்கத்துப் பூவின் மையம் சரியாக 12 அங்குலம். வரிசைக்கு வரிசை 10.39 அங்குலம். அடுத்த வரிசை 6 அங்குலம் தள்ளி வரும். 5, 4, 5, 4 என்று ஏழு வரிசைகளில் 32 பூக்களும் உட்கார்ந்தன. நாலு பூ வரிசைகளின் இரு முனைகளிலும் விழுந்த இடைவெளியை வெள்ளைத் துண்டுகளால் நிரப்பினார்கள். அரைப் பூக்கள் போட்டிருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

தைத்தது

பள்ளத்தில் துண்டை வைக்கும்போது பூ மேலே, வெள்ளைத் துண்டு கீழே. பூவின் பின்பக்கத் தையல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் காரணம். முதல் புள்ளியில் ஊசியை இறக்கி, இரண்டு குத்து ரிவர்ஸ், அடுத்த புள்ளிவரை ஓட்டம். அங்கே ஊசி துணிக்குள் நிற்கும்போதே ஃபுட்டைத் தூக்கி, கீழே உள்ள துண்டைத் திருப்பி அடுத்த பக்கத்தோடு ஒட்டவைத்து, மேலே உள்ள தையல் விளிம்பை ஊசிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, மறுபடி ஓட்டம்.

மகள் இப்படித் திருப்பித் திருப்பித் தொடர்ந்து ஓட்டினார். சித்தி ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகத் தைத்து நூலை வெட்டினார். இருவர் தைத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது படிவதில் வித்தியாசம் எதுவும் இல்லை. தொடர்ந்து ஓட்டுவது வேகம். தனித்தனியாகத் தைப்பதில் தவறு நடந்தால் பிரிப்பது சுலபம். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இரண்டாவதைச் சொல்வேன்.

வரிசையை வரிசையோடு சேர்ப்பதில் வேறொரு தொல்லை வந்தது. விரிப்பு கனக்கத் தொடங்கியதும் மேஜையிலிருந்து தொங்கும் பகுதி துணியைக் கீழே இழுத்தது. கிராஸ் பக்கங்கள் ஊசிக்கு அடியில் வரும் முன்பே நீண்டுவிட்டன. நாலாவது வரிசையின் ஒரு முனையில் அரை அங்குலம் மிச்சம் நின்றது. மெஷினுக்கு இடப்பக்கம் இன்னொரு மேஜையைச் சேர்த்துப் போட்டு, விரிப்பு முழுவதும் மெஷின் மட்டத்திலேயே இருக்கும்படி செய்தார்கள். ஒரு முனையிலிருந்து தொடங்காமல் வரிசையின் நடுவிலிருந்து இரு பக்கமும் தைத்தார்கள். அதற்கு மேல் மிச்சம் வரவில்லை.

எல்லா வரிசைகளும் சேரும்வரை அயர்ன் தொடவில்லை, நகத்தால் மடித்துவிட்டதோடு சரி. கடைசியில் பின்பக்கம் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு மூலையிலும் மூன்று தையல் விளிம்புகளையும் ஒரே சுற்றில் சாய்த்து அழுத்தினார்கள், ஒரு மூலையில் கடிகாரத் திசையில் என்றால் அடுத்த மூலையில் அதற்கு எதிர்த்திசையில். புள்ளியில் நின்ற தையல்களில்தான் இது நடக்கும். துணி விசிறி போல விரிந்து, கனம் மூன்று பக்கமும் பிரிந்துவிடுகிறது.

ஓரம்

மகள் அறுகோணத்தின் ஏற்ற இறக்கத்தை அப்படியே விட விரும்பினார். அழகு என்றால் அதுதான். ஆனால் நாலு பக்கமும் ஓரப்பட்டி வெளிமூலைக்கும் உள்மூலைக்கும் மாறி மாறித் திரும்ப வேண்டும், அடிக்கடி துவைக்கும் குவில்ட்டில் அந்த உள்மூலைகள்தான் முதலில் கிழியும். நேராக வெட்டுவது என்று சித்தி முடிவெடுத்தார். வெட்டும் கோட்டுக்கு 1/8 அங்குலம் உள்ளே முதலில் ஒரு நேர்த்தையல் ஓட்டிவிட்டு, அப்புறம்தான் வெட்டினார்கள். அந்தத் தையல் இல்லாமல் வெட்டியிருந்தால் பக்கங்கள் நீண்டு அலையாகியிருக்கும்.

மூன்று அடுக்கும் சேர்ந்தபோது

அடித்துணி, பஞ்சு விரிப்பு, மேல்விரிப்பு மூன்றையும் விரித்து, உள்ளங்கை அகல இடைவெளியில் பூட்டூசி குத்தினார்கள். ஒவ்வொரு அறுகோணத்துக்குள்ளும் கால் அங்குலம் தள்ளி ஓர் அறுகோணம் தைக்க வேண்டும் என்பது சித்தியின் ஆசை. அதற்கு ஒவ்வொரு துண்டிலும் முழு குவில்ட்டையும் ஆறு முறை திருப்ப வேண்டும். வீட்டு மெஷினின் குறுகிய இடத்தில் அது நடக்காது என்று கைவிட்டோம்.

நேர்கோடுகள் போட முடிவானது. முதலில் மூலைக்கு மூலை கோடு போட்டார்கள். மூலைகளில் கனம் அதிகம், ஊசி அங்கே தட்டித் தையல் விடுபட்டது. ஊசியின் அளவை 80-லிருந்து தடித்த 90-க்கு மாற்றியும் முழுவதும் தீரவில்லை. அப்புறம் கோட்டின் திசையை மாற்றினோம். அறுகோணத்தின் ஒரு பக்கத்து நடுவிலிருந்து எதிர்ப்பக்கத்து நடுவுக்குக் கோடு போட்டால், அது அடுத்த அறுகோணத்திலும் பக்கத்தின் நடுவிலேயே நுழைந்து நடுவிலேயே வெளியேறும். விரிப்பு முழுக்க ஓடினாலும் ஒரு மூலையைக்கூடத் தொடாது. கோட்டுக்குக் கோடு 3 அங்குலம். இரண்டு திசைகளில் போட்டதில் எல்லா அறுகோணங்களின் மையத்திலும் கோடுகள் குறுக்கிட்டுச் சாய்சதுரங்கள் விழுந்தன. அடுக்குகளை மேலிருந்தும் கீழிருந்தும் ஒன்றாக நகர்த்தும் வாக்கிங் ஃபுட் போட்டு, நடுவில் தொடங்கி வெளியே போனார்கள். தையல் விடுபடுவது நின்றது.

இதைச் செய்தபின் சித்தி, “இப்பத்தான் மெஷின் என் பேச்சைக் கேக்குது” என்றார்.

துவைத்த பிறகு

முதல் துவைப்பில் பஞ்சு சுருங்கி, விரிப்பில் மெல்லிய சுருக்கம் விழுந்தது. பருத்தியில் இது எதிர்பார்த்ததுதான். ஓரம் நேராக நின்றது. பாதைத் துண்டுகள் எதுவும் எழும்பவில்லை.

இரண்டு மூலைகள் திறந்துகொண்டன. இரண்டும் பூட்டாமல் விட்ட முதல் பூக்களில் இருந்த பள்ளங்கள். உள்ளே பஞ்சு தெரிந்தது. மேலிருந்தே, மடிப்புக்கு மடிப்பு கையால் ஏணித் தையல் போட்டு மூடினார்கள். அதே பூக்களின் மற்றப் பள்ளங்களையும் திறக்கும் முன்பே இரண்டு குத்துப் போட்டுப் பலப்படுத்தினார்கள். அதன் பிறகு பலமுறை துவைத்தும் வேறெங்கும் பிரியவில்லை. குவில்ட் இன்று சித்தியின் கட்டிலில் தினசரிப் புழக்கத்தில் இருக்கிறது.

மறுபடி செய்தால் மாறுவது

முதல் பூ முடிந்ததும் இரண்டாவது பூவைத் தைக்காமல், முதல் பூவோடு இரண்டு பாதைத் துண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த நிகழ்வில் எல்லா வேலையையும் கூட்டியது ஒரே ஒரு விஷயம்: பூக்களை முடித்துவிட்டு இணைப்பைத் தொட்டது.

அளவு அட்டையில் துளை, துணியில் புள்ளி, முதல் துண்டிலிருந்தே. தையல் அகலத்தை இரண்டு துண்டுகள் சேர்த்து அளந்து, 7.42 அங்குலம் வெட்டு விளிம்பிலிருந்து வெட்டு விளிம்புவரை வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது.

தையலை எந்த இடத்தில் திறந்தாலும் அப்போதே பூட்டுவது. மூன்று அடுக்கையும் சேர்க்கும் முன்பு ஒவ்வொரு மூலையையும் இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பார்ப்பது. அந்தக் கட்டத்தில் ஒரு திறப்பை மூட ஒரு நிமிடம்கூட ஆகாது.

மகள் அடுத்த குவில்ட்டுக்கு அரை அறுகோண முறையை எடுத்திருக்கிறார். அறுகோணத்தை நடுவில் பிளந்த வடிவில் துண்டுகளை வெட்டி, வரிசை வரிசையாக நேர்கோட்டில் தைப்பது. வரிசைகள் சேரும்போது அறுகோணம் உருவாகும். மூலையில் திரும்பும் வேலையே இல்லை. ஆனால் ஒவ்வோர் அறுகோணத்தின் குறுக்கேயும் ஒரு தையல் தெரியும், பெரிய பூப்போட்ட துணியில் அது வடிவத்தை உடைக்கும். எந்த அரையோடு எந்த அரை சேரும் என்பதையும் முதல் தையலுக்கு முன்பே தரையில் பரப்பி வைத்துவிட வேண்டும், தைத்த பின் மாற்ற முடியாது. சித்தி அந்த முறைக்கு வர மறுத்துவிட்டார். முழு அறுகோணத்தில்தான் அவர் அடுத்ததையும் வெட்டிக்கொண்டிருக்கிறார், இந்த முறை ஒரு பூ, ஐந்து வெள்ளை என்ற கணக்கில்.